கோடில்லாத பதினெட்டு

அந்த மருந்துக் கிடங்கில் யாரும் மைனஸ் என்று சொல்வதில்லை. உறைபெட்டிக்குள் இருப்பதெல்லாம் பூஜ்ஜியத்துக்குக் கீழேதான், பிறகு அதை வேறு வாய் வலிக்கச் சொல்வானேன் என்று பொறுப்பாளர்தான் இந்த வழக்கத்தை ஆரம்பித்துவைத்தார். "நம்பர மட்டும் சொல்லு, போதும்" என்பார். மைனஸ் பதினெட்டு வெறும் பதினெட்டாயிற்று. மனிதர் கெட்டிக்காரர்தான். கெட்டிக்காரத்தனம் ஒருநாள் கழுத்தை அறுக்கும் என்று யார் கண்டது?

அந்த ஞாயிற்றுக்கிழமை உறைபெட்டியில் இருந்தது ஒரே ஒரு குப்பி. பக்கத்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் அவருடைய தங்கைக்காக மாதக்கணக்கில் அலைந்து வரவழைத்தது. மறுநாள் ஏற்றுவதாக ஏற்பாடு. இடையில் உருகிவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் ஏற்றியாக வேண்டும். தாண்டினால் அது மருந்தில்லை, தண்ணீர்.

காலை ஏழு மணிக்குக் காவலாளிக்குப் போன் போட்டார்.

"பொட்டி எவ்வளவு காட்டுது?"

"பதினெட்டுண்ணே."

"அப்பாடா. சரி, வச்சிடு."

நிம்மதியாகச் சாப்பிட்டார், ஒரு தூக்கமும் போட்டார். இரண்டு மணிக்குக் கிடங்கைத் திறந்தபோது பெட்டிக்கடியில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. திரையில் இருபத்தாறு. எண்ணுக்கு முன்னால் மைனஸ் கோட்டைக் காணோம். பெட்டியின் பதிவைப் பார்த்தார். ராத்திரியே பழுதாகி, விடியற்காலை ஐந்து மணிக்கே பூஜ்ஜியத்தைத் தாண்டியிருக்கிறது. ஏழு மணிக்குப் பதினெட்டு, மேலே பதினெட்டு.

காவலாளியைக் குற்றம் சொல்ல முடியாது. கண்ணில் பட்டதைத்தான் சொன்னான், சொல்லிக்கொடுத்தபடியே சொன்னான். பூஜ்ஜியத்திலிருந்து பார்த்தால் மேலே பதினெட்டும் கீழே பதினெட்டும் ஒரே தூரம்தான். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு முப்பத்தாறு டிகிரி. இது தெரியாதவரா அவர்? ஏழு மணிக்கே ஓடியிருந்தால் நான்கு மணி நேரம் கையில் இருந்திருக்கும். தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

அழுது முடித்துத் தங்கையிடம் போனார்.

"மருந்து கெட்டுப்போச்சும்மா. என் தப்புதான்."

அவள், "அடுத்தது எப்ப வரும்?" என்றாள்.

"ஆறு வாரம் ஆகுமாம்."

"மருந்து இல்லன்னா நாலு வாரம்னுதானே டாக்டர் சொன்னாரு?"

"ரெண்டு வாரந்தானேம்மா வித்தியாசம்." ஆறுதல் என்று நினைத்து வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார்.

அவள் கோபப்படவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு சரிண்ணா," என்றாள். "எந்தப் பக்கம் ரெண்டு?"