புளியமரத்தைத் தாண்ட ஓர் இறக்கை

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை எனக்குப் பாதிதான் தெரியும். கள்ளக்குறிச்சி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே வந்தார். முக்கியமான கட்டத்தில் எலவனாசூர்கோட்டை வர, இறங்கிப் போய்விட்டார். பாவி மனுஷன்!

முதல் வரியை இப்படி ஆரம்பித்தேன்: "கல்வராயன் மலைமேல் மேகங்கள் விமானங்களைப் போல..."

(அடித்துவிட்டேன். மேகமே நன்றாகத்தான் இருந்தது.)

2

தனசேகரன் வடக்கனந்தலில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். பொம்மை விமானம் செய்வதில் பைத்தியம். அதன் வயிற்றுக்குள் ரப்பரை முறுக்கிவிட்டால் மூக்கில் விசிறி சுற்றிப் பறக்க வேண்டும். நான்கு செய்தார், நான்கும் விழுந்தன. நான்காவது மாமனார் தலையில் விழுந்த அன்று, ஆத்திரத்தில் அய்யனார் முன்னால் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார்: "இன்னும் ஒண்ணு மண்ணுல பட்டுதுன்னா, இந்த ஜென்மத்துல ஏரோப்ளேன் தொடமாட்டேன்!"

ஐந்தாவது செய்ய, இரண்டு பக்கமும் சேர்ந்த ஒரே ஓர் இறக்கைக்குத்தான் கட்டை மிச்சம். பால்சா என்கிற அந்த லேசான கட்டை மெட்ராஸிலிருந்து வர வேண்டும். அது எண்பத்தேழு, இட ஒதுக்கீட்டுப் போராட்ட நேரம். மரங்களை வெட்டி ரோட்டில் போட்டுவிட்டார்கள். பஸ் இல்லை, பார்சல் இல்லை. ரோடு நெடுக மரம்; தனசேகரனுக்கு மட்டும் ஒரு முழக் கட்டை கிடையாது.

(போராட்டத்தின் நியாயம் பற்றி இங்கே இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். விமானம் கிளம்பமாட்டேன் என்றது. எடுத்துவிட்டேன்.)

3

இறக்கையைக் குறுக்கே நறுக்கினால் தெரிகிற வடிவம்தான் தகராறு. மேலும் கீழும் ஒரே மாதிரி புடைத்திருந்தால் தலைகீழாகவும் பறக்கும், ஆனால் வேகம் வேண்டும். அடி தட்டையாக, மேல்பக்கம் மட்டும் வளைந்திருந்தால் மெதுவாகப் போனாலே தூக்கிவிடும். தனசேகரனின் ஆசை முதலாவதில்.

மனைவி மணிமொழி தையல் மெஷினை நிறுத்தினாள்.

"தலகீழா அப்பறம் பறக்கட்டும். மொதல்ல நேரா பறக்குதான்னு பாருங்க."

ரவிக்கைக் கைக்கு வெட்டி, இரண்டாக மடித்து வைத்திருந்த காகித அளவை எடுத்துக் கட்டையின் ஓரத்தில் வைத்தாள். முன்னால் உயர்ந்து, பின்னால் சரிந்து, அடியில் நேராக, அந்த இரண்டாவது வடிவமாகவே இருந்தது.

"ரவிக்கக் கையி பறக்குமா மணி?"

"உங்க நாலும் பறந்து கிழிச்சிதாக்கும்! துணி கம்மியா கீறப்ப புது மாடலா வெட்டுவாங்க?"

(இவளை இவ்வளவு கெட்டிக்காரியாக்கலாமா என்று யோசித்தேன். கூடாது என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.)

4

வண்டியே வராத தார்ரோடு. அதைவிட நல்ல ஓடுபாதை எங்கே கிடைக்கும்? ஆனால் அந்தக் கோடியில் ஒரு புளியமரம் குறுக்கே கிடந்தது. அதன் மேலே போராட்டக்காரர்கள் ஏழெட்டுப் பேரோடு மணிமொழியின் தம்பி இளஞ்செழியன்.

"மாமா, ரோட்டுல எந்த வண்டியும் இதத் தாண்டக்கூடாது. ஆகாசத்துல போனா நாங்க இன்னான்னு கேக்கமாட்டோம்."

ரவிக்கைக் கை அளவில் வெட்டிய இறக்கையோடு ஐந்தாவதை ரோட்டில் வைத்து, தனசேகரன் ரப்பரை முந்நூறு சுற்று முறுக்கி விட்டார். அது தாரில் குடுகுடுவென்று ஓடியது. பத்தடி. இருபதடி. மரத்தில் இருந்தவர்கள் குனிந்தார்கள். ரவிக்கைக் கை காற்றைப் பிடித்தது. ஒரு சாண் இடைவெளியில் புளியமரத்தைத் தாண்டி மேலே போனது!

விசில் பறந்தது. தனசேகரன் வாய்விட்டு அழுதார்.

"ஐயய்யோ, என்னாங்க!" என்று மணிமொழி கத்தினாள். "எறங்குனா மண்ணுல படுமே! சத்தியம்!"

பஸ்ஸில் எங்களுக்கு எலவனாசூர்கோட்டை வந்துவிட்டது.*

5

விமானமென்றால் ஒரு நேரம் இறங்கித்தானே ஆக வேண்டும்? கற்பூரம் அடித்த மனுஷன் அதை யோசிக்கவில்லை. தார்ரோட்டிலேயே இறக்கலாமென்றால் விமானம் ரோட்டை விட்டு எப்போதோ விலகிவிட்டது. முதலில் கரும்புத் தோட்டத்தில் இறக்கினேன். கரும்பும் மண்ணில்தான் நிற்கிறது. கிணற்றில் இறக்கினேன், மனசு கேட்கவில்லை. இரண்டையும் கிழித்துவிட்டேன்.

ரப்பரில் இன்னும் கொஞ்சம் முறுக்கு இருக்கிறது. இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டு தனசேகரன் கீழே ஓடுகிறார். முந்தானையை விரித்துக்கொண்டு மணிமொழி. போராட்டத்தை அப்படியே விட்டுவிட்டு இளஞ்செழியனும் ஆட்களும். எல்லோருக்கும் பார்வை மேலே.

நான் பேனாவை மூடிவிட்டேன். என் கதையில் அது மண்ணில் படவில்லை. இறக்கித்தான் பார்ப்பேன் என்கிறீர்களா? தாராளமாக. ஆனால் நீங்களும் கையை நீட்டிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும்.

* அந்த பஸ்ஸில் அப்புறம் மூன்று தடவை போய்வந்தேன். அவரைக் காணோம்.