ஊசி ஏறிய நோட்டுகள்

நான் தையல்காரி. எதைப் பத்திரமாக வைக்கச் சொன்னாலும் தைத்துத்தான் வைப்பேன். வெளிநாட்டுக்குக் கிளம்பியபோதும் நூறு டாலர் நோட்டுகள் எட்டை உள்பாவாடை மடிப்பில் வைத்து, நழுவக் கூடாது என்று நோட்டோடு சேர்த்தே கையால் தைத்துக்கொண்டேன்.

வந்தது ஒரு மெஷினுக்காக. சட்டையில் பொத்தான் நுழைகிற ஓட்டைக்குக் காஜா எடுக்கிற மெஷின், பெட்டிக்குள் அடங்குகிற சைஸ், பழசு, பாதி விலை. பத்து வருஷமாகக் காஜாவுக்கு அடுத்தவர் கடை வாசலில் நின்று கால் கடுத்தவள் நான். கடைக்காரர் ஐந்து மணி வரைதான் எடுத்து வைப்பேன் என்றார். அப்புறம் வேறு ஆள் காத்திருக்கிறாராம். விலை ஏழு நோட்டு. ஆனால் அந்த ஊர்ப் பணமாக வேண்டும்.

நான்கு மணிக்குப் பணம் மாற்றும் கவுண்டரில் நின்றோம். அங்கிருந்த பெண் ஒரு நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அத்தனையையும் திருப்பித் தள்ளினாள். கூட வந்திருந்த, கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்த என் நாத்தனார் விசாரித்தாள்.

"அண்ணி, ஓட்டை விழுந்த நோட்டு வேணாமாம்."

"ஓட்டையா? ஊசி போன இடம்டி அது!"

"நோட்டையுமா சேர்த்துத் தைச்சீங்க? நல்லவேளை, பாஸ்போர்ட்டை விட்டு வச்சீங்க!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த கவுண்டர்காரன் எட்டு நோட்டுக்கு ஆறு நோட்டின் பணம்தான் தருவேன் என்றான். மணி நாலரை.

"வாங்க, கடைக்காரர்கிட்டயே உண்மையைச் சொல்லிடுவோம்" என்று நாத்தனார் என் கையைப் பிடித்து இழுத்தாள். ஓடினோம். செருப்பு வார் அறுந்தது, அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

கடையில் அந்த வேறு ஆள் பர்ஸும் கையுமாக நின்றிருந்தான். கடைக்காரர் நோட்டைப் பார்த்துப் புருவத்தை நெரித்தார். அது தைத்த ஓட்டைதான் என்று நாத்தனார் சொன்னதை அவர் நம்பவில்லை. எனக்கு வந்ததே கோபம்! அவர் மேஜையிலிருந்த ஊசியையும் துண்டுத் துணியையும் எடுத்து, மளமளவென்று பத்துத் தையல் போட்டு நோட்டின் மேல் வைத்தேன்.

ஓட்டையும் தையலும் நூலிழை பிசகாமல் பொருந்தின.

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

"அண்ணி, டாலராவே கொடுக்கலாமாம். ஓட்டை நோட்டையும் அவரோட பேங்க்ல வாங்கிக்குவாங்களாம். ஏழு நோட்டைக் கொடுங்க, சீக்கிரம்!"

கொடுத்தேன். துண்டுத் துணியை மெஷினில் வைத்து நானே அழுத்தினேன். கடகடவென்று ஒரு காஜா விழுந்தது. என் மெஷினில், என் முதல் காஜா! கடை என்றும் பார்க்காமல் நாத்தனாரைக் கட்டிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் அவள் கையை நீட்டினாள்.

"மிச்சம் இருக்கிற ஒத்தை நோட்டை என்கிட்ட கொடுங்க. பையில வச்சிருக்கிற ஊசி டப்பாவையும்."

இரண்டையும் கொடுத்தேன். ரவிக்கையில் குத்தியிருந்த ஊசியை மட்டும் அவளுக்குக் காட்டவில்லை. அறுந்த செருப்பைத் தைக்க வேண்டாமா?