இருபத்தாறு ஸ்டட்டுகள்

புன்னைக்காயலில் ஆற்றங்கரையை ஒட்டிய தன் பட்டறையில், அபிஷா புது நட்டு ஒன்றை எடுத்து, பிரித்துப் போட்டிருந்த படகு இன்ஜினின் முதல் ஸ்டட்டில் வைத்து விரலால் சுற்றினாள். நட்டு வழுக்கிக்கொண்டு அடிவரை இறங்கியது. அதைக் கழற்றி அடுத்ததில் போட்டாள். இன்ஜினின் தலைப்பகுதியான ஹெட்டை அடியிலுள்ள பிளாக்கோடு இறுக்கிப் பிடிக்கும் இரும்புத் தண்டுகள் அவை. மொத்தம் இருபத்தாறு.

விசைப்படகின் சொந்தக்காரர் மத்தியாஸ் பக்கத்திலேயே நின்றார். மீன்பிடித் தடைக்காலம் முடிய ஒன்பது நாள்தான் இருந்தது.

"பிஸ்டன் புதுசு, லைனர் புதுசு. ஸ்டட்டு நல்லாத்தான இருக்கு பிள்ள? கழத்தப் போயி ஒண்ணு பிளாக்குக்குள்ள முறிஞ்சிட்டுன்னா எல்லாரும் கடலுக்குப் போவாங்க, நான் கரையில நிப்பேன்."

"பாத்துட்டுச் சொல்லுதேன் மாமா."

அவர் பயத்தில் நியாயம் இருந்தது. இதே காரணத்துக்காகத்தான் பல மெக்கானிக்குகள் பழைய ஸ்டட்டுகளைத் தொடுவதே இல்லை. ஆனால் பட்டறை போட்ட ஆறு வருடத்தில் அபிஷா ஒன்றைப் பழகியிருந்தாள்: இரும்பைப் பற்றிய கேள்வியை இரும்பிடமே கேட்க வேண்டும்.

மூன்றாம் சிலிண்டருக்கு வந்தபோது நட்டு பாதியில் சிக்கியது. பக்கத்து ஸ்டட்டிலும் சிக்கியது. அந்த ஒரு சிலிண்டரைச் சுற்றி நின்ற ஆறும் அப்படித்தான். மற்ற இருபதிலும் நட்டு தடையில்லாமல் ஓடியது.

அவள் நிமிர்ந்தாள். "மாமா, இந்த ஆறும் இழுபட்டு நீண்டு போயிருக்கு. மரை விலகிட்டு. போன தடவ நான் இறுக்குனதுல இப்படி ஆகாது. யாரு கை வச்சா?"

மத்தியாஸ் ஆற்றங்கரைப் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டு சொன்னார்.

"மாசி மாசம் ஒரு நாள். கரையிலருந்து இருபது மைலு. ஹெட்டு இடுக்குல ஆவி சீறுது. காத்து வேற ஏறிட்டு. படகுல ஏழு பேரு. ஸ்பேனர்ல பைப்பை மாட்டி, நானும் படகுல வேல பாக்குற டெனிசும் சேந்து தொங்குனோம். ஆவி நின்னுச்சு, வந்து சேந்தோம். ஹெட்டுல கை வைக்காதீங்கன்னு நீ சொல்லியிருந்தியா... அதான் உங்கிட்ட சொல்லல."

அபிஷாவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆவி சீறும் இன்ஜினோடு அந்தக் காற்றில் ஏழு பேரை நினைத்துப் பார்த்தாள். கோபம் அடங்கிவிட்டது.

"நான் அங்கன இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன். ஆனா கரைக்கு வந்ததும் சொல்லியிருக்கணும். நீண்டுபோன ஸ்டட்டு பிறகு பழைய பிடி பிடிக்காது."

"அப்ப அந்த ஆறை மட்டும் மாத்து."

அவளுக்கும் அந்த யோசனைதான் ஓடிக்கொண்டிருந்தது. இருபது தேறிவிட்டதே, அதைக் குலைப்பானேன்? ஆனால் நட்டு சொன்னது மேல்முனையின் கதையை மட்டும்தான். பிளாக்குக்குள்ளே அந்தத் தண்டுகளின் இடுப்பைச் சுற்றி, இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் இத்தனை வருடமாக ஓடியிருக்கிறது. நன்றாக இருந்த ஒன்றில் இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று பூட்டி, பைய அசைத்துக் கழற்றினாள். துடைத்து அதை அவர் கையில் கொடுத்தாள். நடுப்பகுதி, எலி கடித்த கயிறு மாதிரி அரித்துப் போயிருந்தது.

மத்தியாஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இருபத்தாறும் மாத்துதோம்," என்றாள் அபிஷா.

அவர் அந்தத் தண்டைக் கீழே வைத்துவிட்டுத் தலையாட்டினார்.

துரு இளக எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறப்போட்டாள். மறுநாள் சூடு காட்டி ஒவ்வொன்றாகக் கழற்றினாள். முதலில் கழற்றியதையும் சேர்த்து இருபத்துநான்கு வந்துவிட்டன. கடைசிக்கு முந்தியது 'டக்'கென்று முறிந்தது. பிளாக்குக்கு மேலே நகம் அளவுதான் மிச்சம்.

"மாதாவே!" மத்தியாஸ் தலையில் கை வைத்தார்.

"ஒண்ணும் ஆகல. அந்தப் பக்கம் திரும்பிக்கிடுங்க, வெளிச்சம் கண்ணுல அடிக்கும்."

முறிந்த துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்தாள். திருப்பியதும் நட்டு மட்டும் பிய்ந்து வந்தது. இரண்டாவதும் பிய்ந்தது. மூன்றாவது தடவை இன்னும் ஆழமாகப் பற்றவைத்து, சிவப்பு தணியும்வரை பொறுத்து, ஸ்பேனரை மாட்டி முன்னும் பின்னுமாக மயிரிழை மயிரிழையாக அசைத்தாள். கிறீச்சென்று ஒரு சத்தம். துண்டு சுழன்றது. கடைசி ஸ்டட்டு முறியாமல் வந்தது.

காயல்பட்டினம் உமர் பாரூக் கடையிலிருந்து புது ஸ்டட்டுகள் வந்தன. மரைகளைச் சுத்தம் செய்து அவற்றை ஏற்றினாள். ஹெட்டை மேலே வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று சுற்றாக, இறுக்கத்தின் அளவு காட்டும் ஸ்பேனரால் நட்டுகளை இறுக்கினாள். தடை முடிய இரண்டு நாள் இருக்கும்போது இன்ஜின் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போய், அங்கே நின்ற படகில் இறங்கியது.

கடல் திறந்த அன்று மாலை, சிக்னல் கிடைக்கும் தூரத்துக்கு வந்ததும் மத்தியாஸ் போன் செய்தார்.

"முழு வேகத்துல ஓட்டிப் பாத்துட்டேன் பிள்ள. சூடு காட்டுற முள்ளு ஏறவே இல்ல. வலை நெறைய சீலா மீனு."

"சனிக்கிழம படகுக்கு வாரேன். ஒரு தடவ நட்டெல்லாம் சரிபாக்கணும். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது."

"யாரும் தொடமாட்டாங்க. நானே காவல் இருக்கேன்."

அபிஷா சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். பட்டறை வாசலில் வேறொரு படகின் இன்ஜின் வந்து இறங்கியிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு அதன் பக்கம் போனாள்.