அரிக்காத இடம்

கப்பலில் வந்த ரேஷன் கோதுமையைக் கொட்டிவிட்டுத் திரும்பிய பழைய சாக்குகள் ராயபுரம் கிடங்கில் கூரை முட்ட அடுக்கப்பட்ட வாரத்திலேயே அரிப்பு ஆரம்பித்துவிட்டது. முதலில் அங்கே சாக்கு தைக்கும் மலிகாவுக்கு. அப்புறம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கிழிசல் தைத்தவளுக்கு. அப்புறம் எல்லோருக்கும். கழுத்து, அக்குள், இடுப்பில் சேலை இறுக்கும் இடம் என்று கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று கடித்தது. கடித்த இடம் பட்டாணி போலப் புடைத்து, சுற்றிலும் செக்கச்செவேலென்று சிவந்தது. கை எட்டாத முதுகை ஒருத்திக்கு ஒருத்தி சொறிந்துவிட்டுக்கொண்டார்கள்.

காத்தூன் பீவியின் முதுகு எப்போதும் கெங்கம்மாவின் பொறுப்பு.

"கொஞ்சம் கீழே. அதான், அதான். நல்லா இருப்பே மே."

"உன் வூட்டுக்காரரு சொறிஞ்சு வுடமாட்டாரா அக்கா?"

"அந்த ஆளுக்குச் சொறிஞ்சே என் நகம் தேஞ்சுபோச்சு. நீ வேற."

கிடங்கே சிரித்தது. கெங்கம்மாவும் சிரித்தாள். ஆனால் அவளுடைய இடது முன்கையில் கட்டியிருந்த துணியை மட்டும் அவள் யார் எதிரிலும் அவிழ்ப்பதே இல்லை. கோணி ஊசி கிழித்த காயம் ஆறவில்லை என்று சொல்லி வைத்திருந்தாள். ஊசி கிழித்தது உண்மைதான். அது தசைக்குள் போய் நின்றதே அவளுக்குத் தெரியவில்லை என்பதைத்தான் சொல்லவில்லை. துணிக்கு அடியில் வெற்றிலை அளவுக்கு வெளுத்த ஒரு வட்டம் இருந்தது. அதில் முடி இல்லை, வேர்வை இல்லை. ஒருநாள் கொதிக்கிற கஞ்சி தெறித்தபோதும் அந்த இடம் சும்மா இருந்தது. அது என்னவென்று அவளுக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிந்தால் கிடங்கில் வேலை போகும். வியாசர்பாடியில் தம்பி வீட்டில் கிடைத்திருக்கும் மூலையும் போகும். புருஷன் இல்லாதவளுக்கு வேறு மூலை ஏது?

மேஸ்திரி சவரிநாதனிடம் முறையிட்டபோது அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கை ஒடிஞ்சுதா, சொல்லு. மூட்டை வுழுந்து கால் நசுங்கிச்சா, சொல்லு. வலின்னா கம்பெனி பாக்கும். அரிக்குதுன்னு எவளாவது வந்து நிப்பாளா? குளிங்கடி மொதல்ல."

குளிக்காதவர்களா அவர்கள்? மூன்று தெரு தாண்டி வரிசையில் நின்று குடம் பிடித்துக் குளித்துவிட்டு வருகிறவர்கள். ராத்திரி தூக்கம் இல்லை. கொதிக்கிற தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டால் அந்தச் சூட்டின் எரிச்சலில் கொஞ்ச நேரம் அரிப்பு அடங்கும். ஆறியதும் திரும்ப வரும். மலிகா தோளைக் கீறிக் கீறிப் புண்ணாக்கியிருந்தாள். அந்தப் புண்ணைக் காட்டியபோதும் மேஸ்திரி, "நீயே கீறிக்கினதுக்கு நான் இன்னா பண்றது?" என்றார்.

சாக்குகளை வெயிலில் போட்டு உதறாமல் உள்ளே போகமாட்டோம் என்று காத்தூன் பீவி தலைமையில் எல்லோரும் கதவருகே உட்கார்ந்துவிட்டார்கள். கம்பெனி டாக்டரை அனுப்பியது.

டாக்டர் லியோனார்டு இளைஞர். நாலைந்து சாக்குகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஒன்றும் தென்படவில்லை. பெண்களுடைய கைகளைத் தொடாமல் பார்த்தார். பார்த்துக்கொண்டே தன் காதுக்குப் பின்னால் சொறிந்தார். சொறிந்ததைக் கவனித்துவிட்டுப் புன்னகை செய்தார்.

"பாருங்கள், உங்களைப் பார்த்து எனக்கும் அரிக்கிறது. நரம்பின் குணம் அப்படி. ஒருத்தர் கொட்டாவி விட்டால் பக்கத்தில் இருப்பவருக்கும் வருகிறது இல்லையா? ஒரு பெண் சொறிந்திருக்கிறாள். மற்றவர்கள் பார்த்திருக்கிறார்கள். அவ்வளவுதான்."

"அப்போ இந்தத் தடிப்பு?" என்றாள் காத்தூன் பீவி.

அவர் பென்சிலின் மழுங்கிய முனையால் மலிகாவின் கையில் ஒரு கோடு இழுத்தார். சற்று நேரத்தில் அந்தக் கோடு சிவந்து எழும்பியது. "சொறிந்ததால் தடிப்பு. தடிப்பால் சொறியவில்லை. எல்லாம் மனசுதான்." பிறகு மேஸ்திரியிடம், "உள்ளே போகாதவர்கள் நாளையிலிருந்து வரவேண்டாம்" என்றார்.

மலிகா அழுதாள். வேலை போகிறதே என்று அழவில்லை. தூக்கமில்லாமல் கழித்த அத்தனை இரவையும் ஒரு பென்சில் கோட்டால் பொய்யாக்கிவிட்டாரே என்றுதான் அழுதாள். கெங்கம்மாவுக்கு ஆத்திரம் வந்தது. காலையில் துணி மாற்றும்போது அந்த வெளுத்த வட்டத்தைப் பார்த்திருந்தாள். அதற்குள்ளும் கடி இருந்தது. சேர்ந்தாற்போல மூன்று மேடு. அரிக்காததால் அவள் நகம் அங்கே போகவே இல்லை.

எழுந்தாள். உட்கார்ந்துவிடலாமா என்று ஒரு கணம் நின்றாள். மலிகாவின் விசும்பல் கேட்டது. துணியை அவிழ்த்தாள்.

"டாக்டர் ஐயா, இத்த பாருங்க. இங்க எனக்கு அரிக்கல. நான் சொறியவும் இல்ல. ஒரு கீறலாவது கீதா? சொறியாத எடம் எப்படி வீங்கிச்சு?"

அவர் குனிந்தார். முகம் மாறியது. கண்ணை மூடச் சொல்லி, ஊசியால் குத்தினார். "இப்போது?" என்று கேட்டார். அவர் குத்தியதே அவளுக்குத் தெரியவில்லை.

"மேஸ்திரி, இங்கே பாரும்," என்றார் டாக்டர். பாடம் நடத்த நல்ல மாதிரி கிடைத்த வாத்தியாரின் உற்சாகம் குரலில் இருந்தது. "தோலில் மெல்லிய நரம்புகள் இருக்கின்றன. தந்திக் கம்பி மாதிரி. வலியும் அரிப்பும் அந்த வழியாகத்தான் மூளைக்குப் போகின்றன. இந்த வட்டத்தில் கம்பி செத்துவிட்டது. குத்தினாலும் வலிக்காது, கடித்தாலும் அரிக்காது. மேட்டைச் சுற்றிச் சிவப்பு இல்லை, கவனித்தீரா? சிவப்பு பரவுவதற்கும் அந்த நரம்புதான் வேண்டும்." சொல்லி முடித்துவிட்டு ஓர் அடி பின்னால் போய்க் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்தார். "பெருவியாதி. குஷ்டம்."

பெண்கள் விலகினார்கள். யாருக்காகத் துணியை அவிழ்த்தாளோ அந்த மலிகாவும் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நகர்ந்தாள்.

"இவள்தான் காரணம் போலிருக்கிறது," என்றார் டாக்டர். "வெளியே அனுப்பும். பினாயில் போட்டுக் கழுவிவிட்டு மற்றவர்கள் உள்ளே போகட்டும்."

சவரிநாதன் அவளுடைய தூக்குச்சட்டியைக் காலாலேயே வாசல் பக்கம் தள்ளினார். அது உருண்டு மூடி கழன்று சோறு மண்ணில் கொட்டியது.

வேலை போகும் என்று தெரிந்துதான் காட்டினாள். காட்டியதையே திருப்பி அவள் தலையில் போடுவார்கள் என்று நினைக்கவில்லை.

"அரிக்காத வியாதின்னு இப்பதானே உங்க வாயாலே சொன்னீங்க? என் கையிலேயே அரிக்காதது இவங்க மேல போய் எப்படி அரிக்கும்?"

டாக்டர் பையை மூடினார். "பெரிய ஆஸ்பத்திரியில் புது மாத்திரை தருகிறார்கள். சீக்கிரம் போனால் கை பிழைக்கும்," என்றார். காரில் ஏறினார்.

கெங்கம்மா வாசலுக்கு வெளியே சுவரோரம் வெயிலில் உட்கார்ந்தாள். போ என்றால் போய்விடுவதற்கு அவள் என்ன தெருநாயா? நாளைக்குப் போய் மாத்திரை வாங்கிக்கொள்ளலாம். இன்று இங்கேதான். உள்ளே காத்தூன் பீவியின் குரல் உயர்ந்தது.

"பினாயிலு ஊத்தி இன்னாத்த கழுவப் போறே மேஸ்திரி? கடிக்கிறது சாக்குலே கீது. அவ கையில கடிச்சதும் அதான். அவ இத்தினி நாளா என் முதுகைச் சொறியறா. எனக்கு இன்னா, அவ வியாதியா வந்துச்சு?"

"டாக்டரு சொல்லிட்டாரு."

"டாக்டரு போயிட்டாரு. சாயங்காலம் லாரி வந்தா நீயா குந்தித் தைப்பே?"

சவரிநாதன் கதவை விட்டு விலகி நின்றார். கொஞ்ச நேரத்தில் காத்தூன் பீவி ஒரு கட்டுச் சாக்கைத் தெருவுக்கு இழுத்து வந்தாள். உதறினாள். கோதுமைத் தூசி வெயிலில் புகையாக எழுந்தது. இன்னொருத்தி வந்தாள், இன்னொருத்தி. தெரு நீளத்துக்குச் சாக்குகள் விரிந்தன. மலிகா கடைசியாக வந்தாள். தலையைக் குனிந்துகொண்டு அந்தக் கோடியில் உட்கார்ந்தாள்.

காத்தூன் பீவி கெங்கம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் என்றாலும் நடுவே ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டுத்தான். கெங்கம்மா அதைப் பார்த்தாள். காத்தூன் பீவி மடியில் சாக்கைப் போட்டுத் தைக்க ஆரம்பித்தாள்.

காத்தூன் பீவியின் தோள் நெளிந்தது. சுவரில் தேய்த்துப் பார்த்தாள். எட்டவில்லை. பிறகு நகர்ந்து வந்து, முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

"பாத்துகினே கீறியே. சொறி மே."

"எந்தக் கையால அக்கா?"

"இது இன்னா புதுசா கேக்கறே? எப்பவும் எதால சொறிவியோ அதால."

கெங்கம்மா சொறிந்தாள். அவள் கோபம் ஆறவில்லை. அது நகத்தில் இறங்கியது.

"நோவுது மே," என்றாள் காத்தூன் பீவி. "பரவால்ல. நிறுத்தாதே."