மழைக்கு வெடி

சித்திரை வெயில்ல உப்பளம் பூரா வெந்துக்கிட்டிருக்க, ஞானமேரி வீட்டுக்குள்ள மட்டும் பத்து நாளா மழை. வடக்க பனிமலையில பட்டாளத்துக்கு ரோடு போடுற காண்ட்ராக்டர்கிட்ட மவன் ஜெர்ரி வேலைக்குப் போயிருக்கான். குளிர்ல வெரல் மரத்துப்போவுதுன்னு போன்ல பேசுவான், போன் அத எழுத்தாக்கி அனுப்பும். கண்ணு மங்குன அம்மாவுக்கு மவ லினெட்தான் படிச்சுக் காட்டுவா.

"ராத்திரியெல்லாம் மழை முனகுதும்மா."

"மழை ரோட்டு மேல வந்து உக்காந்துக்குது."

ஞானமேரி எறா உரிச்சிக்கிட்டே கண்ண மூடிப்பா. அங்க பீரங்கி வண்டிங்க வரிசையா நனையும். அந்தச் சாரல் எத்தினியோ ஊரு தாண்டி வந்து அவ கன்னத்துல படும். "குடுத்து வெச்சவன்டி உங்கண்ணன்"ம்பா.

அன்னிக்கு மத்தியானம் வந்தது இது: "நாளைக்கும் மழைக்கு வெடி வெக்கணுமாம். பயமா இருக்கு."

"மழைக்கு வெடியா? குளிர்ல அவனுக்கு மண்டையும் மரத்துப்போச்சாட்டம் இருக்கு!" ஞானமேரிக்குச் சிரிப்பு தாங்கல.

லினெட் சிரிக்கல. ஜெர்ரிக்குச் சின்ன வயசுலேருந்தே ழ வராது. மழைய மலைன்னுதான் சொல்லுவான். ஸ்கூல்ல அவன் பேரே 'வாலப்பலம்'. அவன் திருத்தித் திருத்தி போனும் பழகிக்கிச்சு. இப்ப நெஜமாவே மலைன்னு சொன்னாலும் மழைன்னு எழுதுது.

பழசையெல்லாம் திரும்பப் படிச்சா. மழை வெடிப்பு விட்டிருக்கு, கைய உள்ள விடலாம். மழைக்குக் கீழ இருக்குற ஊருல ஊத்து நின்னுபோச்சு.

வீட்டுக்குள்ள பெய்ஞ்சிக்கிட்டிருந்த மழை அப்படியே அந்தரத்துல நின்னு கல்லாச்சு.

போன் போட்டா, போவல. "அண்ணா, வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம், இறங்கிடு"ன்னு அனுப்பினா. ஒத்த டிக். விடிஞ்சும் ஒத்த டிக்.

மத்தியானத்துக்கு மேல பதில் வந்துச்சு.

"காலையில டவர் கெடச்சதும் நீ சொன்னதப் பாத்து இறங்கிட்டேன். கீழ இருந்த ஊர்க்காரங்களையும் கூப்புட்டேன், வந்துட்டாங்க. வெடி வெச்சாங்க. திரும்பிப் பாத்தா மழை நடந்து வருது லினெட். ரோடு இல்ல. அந்த ஊரே இல்ல. நான் பஸ்ஸுல இருக்கேன்."



"என்னாவாம்டி?"

"மழை விட்டுடுச்சாம்மா. அண்ணன் வந்துக்கிட்டிருக்கு."

ஞானமேரி ஜன்னலப் பாத்தா. வெயில் கொதிச்சுது.

"வரும்போது அந்த மழையில கொஞ்சம் கொண்டாரச் சொல்லு."

அத மட்டும் லினெட் அனுப்பல.