போண்டா போராட்டம்

படப்பை டாக்டர் ஜாஸ்மினின் எடையைப் பார்த்துவிட்டு, எட்டு வயதுக்கு இது அதிகம் என்றார். "குழந்தைக்கு மட்டும் தனியா சமைக்காதீங்க. வீட்டுல எல்லாரும் மாறணும்" என்று அவள் அப்பா எபினேசரின் தொப்பையைப் பார்த்தே சொன்னார்.

எபினேசர் மகளுக்காக எதையும் செய்வார். சேரப்பணஞ்சேரி வீட்டிலிருந்து சிப்ஸ், கூல்டிரிங்ஸ், கிரீம் பிஸ்கட் எல்லாம் அன்றே வெளியேறின. சாயங்காலம் சுண்டல், ராத்திரி இரண்டு காய். "நாக்கு சொல்றதைக் கேக்கக் கூடாது பாப்பா" என்று ஜெபம் முடிந்ததும் தினமும் ஒரு குட்டிப் பிரசங்கம் வேறு. ஜாஸ்மின் பீன்ஸைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளித் தள்ளிக் கடைசியில் தின்றாள். அவள் அம்மா அமலாவும் பரோட்டாவை விட்டாள்.

எபினேசர் மட்டும் ஒரகடம் கம்பெனியில் டீ நேரத்துப் போண்டாவை விடவில்லை. டாக்டர் சொன்னது வீட்டைத்தானே!

அந்த நேரம் பார்த்துக் கம்பெனி நிர்வாகத்துக்கும் ஞானம் பிறந்தது. கேன்டீனில் போண்டாவை நிறுத்திவிட்டுச் சுண்டல் போட்டார்கள். உற்பத்தி லைனில் நிற்கும் தொழிலாளர்கள் கொதித்துப் போனார்கள். கேன்டீன் கமிட்டியில் அவர்களுக்காகப் பேசுகிறவர் எபினேசர்தான். கேட்டருகே நின்று தொண்டை கிழியக் கத்தினார்.

"எங்க வாயி, எங்க வயிறு! இன்னா துன்றதுன்னு நீ யாருய்யா சொல்றதுக்கு?"

மறுநாள் போண்டா திரும்பியது. அவரைத் தோளில் தூக்காத குறை. யாரோ எடுத்த வீடியோ வாட்ஸப்பில் சுற்றிச் சுற்றி அமலாவின் போனுக்கும் வந்து சேர்ந்தது.

சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது, ஜாஸ்மின் சமையலறை வாசலை மறித்துச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எங்க வாயி, எங்க வயிறு!"

"இன்னா பாப்பா இது?"

"ஸ்ட்ரைக். எனக்கும் போண்டா வேணும்."

அமலா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பேசி முடிங்க. நீங்கதான் கமிட்டி ஆளாச்சே" என்றாள்.

எண்ணெய், கொழுப்பு, பின்னால் வரப்போகும் வியாதி என்று நிர்வாகம் தன்னிடம் சொன்ன நியாயங்களையெல்லாம் எபினேசர் மகளிடம் எடுத்து வைத்தார். அவளோ வீடியோவில் அவர் பேசியதையே பதிலாகத் திருப்பித் தந்தாள். வாதத்தில் இரண்டு பக்கமும் அவருடையதாக இருந்தும் அவரால் ஜெயிக்க முடியவில்லை.

கடைசியில் உடன்பாடு வந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஆளுக்கு ஒரு போண்டா. மற்ற நாளெல்லாம் மூவருக்கும் ஒரே சாப்பாடு, அப்பாவுக்குக் கம்பெனியிலும்.

திங்கட்கிழமை டீ நேரம். தட்டு நிறையப் போண்டா வந்தது. கூட வேலை செய்யும் தணிகாசலம், "தலைவரே, போராடி வாங்குனது நீங்க. நீங்களே எடுக்கலியா?" என்றார்.

"வயிறு சரியில்ல" என்று சொல்லிவிட்டு எபினேசர் வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் திறந்தார். சுண்டலில் உப்பு கம்மி. இதற்கு எந்த கேட்டில் போய்க் கத்துவது என்று தெரியாமல் மென்றுகொண்டிருந்தார்.