அத்தான் திருப்பிப் பிடித்த சாவி

1
இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றவில்லை. அக்கா திட்டியதில் பிறந்தது. "கதை எழுதிக் கிழிக்கிறியே, என் காருக்கு ஒரு பூட்டு மாத்தத் துப்பிருக்கா?" என்றாள். இல்லை. அதனால் எழுதுகிறேன்.

முதல் வரி: 'வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தபோது அவள்...' (மழையும் இல்லை, மண்ணும் இல்லை. அடித்துவிட்டேன்.)

2
விஷயம் இதுதான். அத்தான் அக்காவை விட்டுப் போய்விட்டார், காரை மட்டும் விடவில்லை. அது அவள் சம்பாத்தியத்தில் வாங்கிய கார். நினைத்தபோது வந்து, தன்னிடமிருக்கும் சாவியால் ஓட்டிப் போவார். பெட்ரோல் தீர்ந்ததும் கொண்டுவந்து நிறுத்துவார். ஆஸ்பத்திரி வேலைக்கு அக்கா பஸ்ஸில் தொங்குவாள்.

ஸ்டார்ட் பண்ணும் பூட்டையே மாற்றிவிடுவதென்று மெக்கானிக்கை வரவழைத்தாள்.

"சாவி குடுங்க."

"என் சாவி சாக்கடைல விழுந்துடுச்சு. பூட்டத்தானே மாத்துறோம், சாவி எதுக்கு?"

"பழைய சாவியப் போட்டுத் திருப்பினாத்தான் பழைய பூட்டு கழண்டு வரும்மா. இல்லேன்னா ட்ரில் போடணும். அப்புறம் ஸ்டீயரிங்குக்கு என்ன ஆனாலும் என்னைக் கேக்கக் கூடாது."

அத்தானைத் துரத்த அத்தான் சாவியே வேண்டுமாம். அக்கா தலையில் அடித்துக்கொண்டு போனை எடுத்தாள்.

3
அத்தானை வில்லனாக்கிப் பார்த்தேன். 'கோணல் சிரிப்போடு...' சரிப்படவில்லை. கூப்பிட்டதும் ஓடி வந்தார், பாவி மனுஷன். "பூட்டு மக்கர் பண்ணுதா? நகருங்க!" என்று உட்கார்ந்து, சாவியைப் போட்டுத் திருப்பிப் பிடித்தார். மெக்கானிக் சின்னத் துளையில் கம்பியை விட்டு அழுத்தினார். பூட்டு சாவியோடு அத்தான் கையிலேயே வந்துவிட்டது.

"பாத்தியா!" என்றார், ஏதோ சாதித்ததுபோல. எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

(அக்கா பின்னால் நின்று படிக்கிறாள். "அவருக்குப் பாவமா? நான் எங்கடா?" இதோ வருகிறாய்.)

4
புதுப் பூட்டு உள்ளே போய் உட்கார்ந்தது. அதோடு வந்தவை இரண்டு சாவிகள். "இது ஸ்டார்ட் பண்ண மட்டும். கதவுக்குப் பழைய சாவிதான்" என்றார் மெக்கானிக்.

அத்தான் பழைய சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, புதியதற்குக் கை நீட்டினார். பழக்கதோஷம்.

முடிவு ஒன்று: அக்கா ஒன்றைக் கொடுக்கிறாள். ("எழுதின கைய ஒடிச்சிடுவேன்.")

முடிவு இரண்டு: நறுக்கென்று நாலு கேள்வி கேட்கிறாள். ("எங்க? வாயே வரலையே எனக்கு.")

நடந்தது: புதுச் சாவிகளை ஒரு கையில் இறுக்கிக்கொண்டாள். மற்றக் கையை அவரைப் போலவே நீட்டினாள்.

"கதவுச் சாவியக் குடுங்க."

இரண்டு கைகளும் காற்றில் நிற்கின்றன. யார் முதலில் மடக்குவது என்று வாசகரே, நீங்கள்...

"அவங்கள எதுக்குடா கேக்குற? நான் இன்னும் மடக்கல."